அக்காவும் அந்த ஆக்டோபஸ் கேமும்

வெள்ளிக்கிழமை நம்ம ஆலயத்துக்கு வர்றவங்களுக்கு என்னைத் தெரியும். அன்னதானப் பாத்திரம் கழுவுற இடத்துல நிப்பேன். எழுதிப் பழக்கமில்ல, பிழை இருந்தா மன்னிக்கணும்.

போன வாரம் ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க: "ஏன் தம்பி, உங்க அக்கா இப்பல்லாம் மூஞ்சியத் திருப்பிக்குது? நான் சிரிச்சா அது சிரிக்க மாட்டேங்குது." அவங்க மேல தப்பில்ல. பார்த்தா கண்ணு நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா அக்காவுக்கு இடது கண்ணு சுத்தமா தெரியாது. வலது கண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியும். ரெண்டு வருஷம் ஆச்சு. இனிப்பு நீர்தான் காரணம். கண்ணுக்கு உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய் கசிஞ்சு கெட்டுப் போயிடுதாம். வலியே இருக்காது, அதான் ஆளை ஏமாத்திடும். கிளினிக் கெசிஹாத்தான்ல வருஷம் ஒரு தடவை கண்ணைப் படம் எடுக்கக் கூப்பிடுவாங்க. அக்கா மூணு வருஷம் போகல. பேரப்பிள்ளைங்க, வேலைன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் கார் வச்சிருக்கேன், கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல.

சரி, நான் சொல்ல வந்தது வேற.

போன மாசம் சாமி மேடைக்கு மேல இருந்த பழைய மைலோ டின்னை இறக்கிச் சுத்தம் பண்ணேன். அம்மாவோட ஐ.சி. போட்டோ, ஊசி நூல், அடியில ஒரு சின்ன கேம். நிண்டெண்டோ கேம் அண்ட் வாட்ச், ஆக்டோபஸ். 1981-ல வந்தது. ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கேமும் ஆடலாம், மணியும் பார்க்கலாம். குன்பெய் யோகோய்னு ஒரு ஜப்பான்காரர், ரயில்ல ஒரு ஆள் கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டே பொழுது போக்கினதைப் பார்த்துத்தான் இதை யோசிச்சாராம். என் மகன் சொன்னான்.

1982-ல நாங்க சபாக் பெர்ணாம் பக்கம் தோட்டத்துல இருந்தோம். அக்கா ஆறாம் வகுப்போட நின்னுடுச்சு. அம்மாவுக்கு உடம்பு முடியல, அப்பாவோட சேர்ந்து செம்பனைக் காட்டுல உதிரிப் பழம் பொறுக்கப் போச்சு. அந்தக் காசைச் சேர்த்து வச்சு எனக்கு இந்தக் கேமை வாங்கிக் கொடுத்துச்சு. எனக்கு அந்த வருஷம் அஞ்சாம் வகுப்பு பெனிலாயான் பரீட்சை. "படிச்சாத்தான் கையில கொடுப்பேன்"னு சொல்லி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கும்.

ஆட்டம் ரொம்பச் சாதாரணம். படகுல மூணு பேர் இருப்பாங்க. ஒவ்வொருத்தனா கடல்ல இறங்கி, ஆக்டோபஸ் கையில மாட்டாம அந்தப் பக்கம் போயி, பெட்டியில இருக்கிற புதையலை இழுத்துக்கிட்டுத் திரும்பணும். புள்ளி ஏற ஏற வேகம் கூடும். ராத்திரி பத்து மணிக்குத் தோட்டத்துல லைட் போயிடும். அந்தத் திரைக்குச் சொந்தமா வெளிச்சம் கிடையாது. அதனால ஒருத்தர் டார்ச் பிடிக்கணும், ஒருத்தர் ஆடணும். முக்கால்வாசி நாள் அக்காதான் டார்ச். நான் ஆடுவேன், அது "நில்லு... இப்ப போ... திரும்புடா"ன்னு காதுல சொல்லும்.

என் ரெக்கார்டு 412. ஒரு நாள் ராத்திரி அக்கா ஆடி 530 எடுத்துடுச்சு. எனக்குப் பொறுக்கல. மறுநாள் அது காட்டுக்குப் போன பிறகு பேட்டரி மூடியைத் திறந்து ரெண்டு பேட்டரியையும் கழட்டி மாட்டினேன். பேட்டரியைக் கழட்டினா ரெக்கார்டு அழிஞ்சிடும். சாயங்காலம் அக்கா கேட்டப்ப, "பேட்டரி வீக், தானா நின்னு போச்சு"ன்னு சொன்னேன். அந்த ஞாயித்துக்கிழமை அது சைக்கிள் மிதிச்சு சுங்கை பெசார் போயி, கடிகாரக் கடையில புது பேட்டரி வாங்கிட்டு வந்துச்சு. வெயில்ல வந்து திண்ணையில உட்கார்ந்து தண்ணி குடிச்சது இன்னைக்கும் என் கண்ணு முன்னாடி நிக்குது.

அப்புறம் நான் எஸ்.பி.எம். முடிச்சேன், ஃபேக்டரியில சேர்ந்தேன், சூப்பர்வைசர் ஆனேன். இத்தனை வருஷத்துல இதை மட்டும் சொல்லவே இல்ல.

டின்ல கிடைச்ச கேம்ல பேட்டரி போடுற இடம் பச்சையா துரு பிடிச்சிருந்தது. எங்க மெயின்டனன்ஸ் பையன் ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, புது பேட்டரி போட்டுக் கொடுத்தான். திரை கொஞ்சம் மங்கல், ஆனா 'டிக் டிக்'னு அதே சத்தம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி அக்கா கையில வச்சேன். விரலால தடவிப் பார்த்துச்சு. பட்டன் ரெண்டையும் அமுக்கினதும் சிரிச்சிடுச்சு.

"நீ ஆடுக்கா. நான் சொல்றேன்"னு சொன்னேன்.

முதல்ல எல்லாம் சொதப்பல்தான். நான் "நில்லு"ன்னு சொல்றதுக்குள்ள ஆக்டோபஸ் பிடிச்சிடும். ஆறு, எட்டு, பதினொண்ணு. இருபது வந்தப்ப, என்ன தோணுச்சோ, பேட்டரி விஷயத்தைச் சொல்லிட்டேன். அக்கா பட்டனை விட்டு விரலை எடுக்கவே இல்ல.

"தெரியும்டா. புது பேட்டரி போடுறதுக்கு முன்னாடி பழசையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்புறம் ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா அப்பா காதுல விழும், உன்னை அடிப்பாரு. உனக்குப் பரீட்சை வேற. சரி, ஆக்டோபஸ் எங்க இருக்கு, சொல்லு."

எனக்குச் சொல்ல வாய் வரல. அந்த ஆளும் போயிட்டான், ஆட்டம் முடிஞ்சது.

நான் பகல் ஷிப்டா இருந்தா இப்ப தினமும் ராத்திரி அரை மணி நேரம் ஆடுறோம். நேத்து 118. வெள்ளிக்கிழமை பூஜைக்கு நான்தான் கூட்டிட்டு வருவேன், வலது பக்கம் தூணோரம் உட்கார்ந்திருக்கும். அக்காவைப் பார்த்தா தூரத்துல இருந்து சிரிக்காதீங்க. கிட்ட வந்து, உங்க பேரைச் சொல்லிட்டுப் பேசுங்க. எல்லார் குரலும் அதுக்கு ஞாபகம் இருக்கு.