உறைவுக்கு முந்தின நாள்

2025 ஜூலை 26, சனிக்கிழமை சாயங்காலம். ஆடிக் காற்று மலைப் பக்கமிருந்து இறங்கி வ. புதுப்பட்டித் தென்னைகளைப் பிடித்து உலுக்குகிறது. எங்கோ மட்டை விழுந்து கம்பி அறுந்திருக்க வேண்டும், கரண்ட் இல்லை. சதுரகிரி அமாவாசைக் கூட்டம் கலைந்து இரண்டு நாளாகிறது. திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். தெரு முழுக்க அந்தப் பேச்சுதான்.

இந்தத் திண்ணையில் மட்டும் வேறு பேச்சு. லேப்டாப்பை மடியில் வைத்திருப்பவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். டெபியன் என்கிற கட்டற்ற இயங்குதளத்தில் ஒரு சின்ன மென்பொருள் தொகுப்பைப் பராமரிக்கிறார். சம்பளம் கிடையாது. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்த டெபியன் சந்திப்புக்குப் போய்வந்ததிலிருந்து இதே வேலை. எதிரே கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கும் பையன். ஒரு மாதமாக உட்கார்ந்து புது வசதி ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறான்.

"அண்ணே, எல்லாம் ஓட்டிப் பாத்துட்டேன். இன்னைக்கே ஏத்திரலாம்ல?"

அவர் நிதானமாகப் படிக்கிறார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இப்பக் கிடையாது."

பையன் முகம் சுண்டிவிட்டது. நான் தூணோரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் மனசு பையன் பக்கம்தான் சாய்கிறது.

அடுத்து வரவிருக்கும் டெபியன் 13-க்கு 'டிரிக்ஸி' என்று பெயர், டாய் ஸ்டோரி படவரிசையில் வரும் டைனோசர் பொம்மை. ஏறத்தாழ 70,000 தொகுப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைத் தொட்டால் எங்கே எது இடறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிறார்கள். மார்ச் 15-இல் பெரிய மாற்றங்களுக்குத் தடை. ஏப்ரல் 15 முதல் சின்னத் திருத்தங்கள் மட்டும். மே 15-இல் இன்னும் கடுமை. அதன் பிறகும், சோதனையில் தேறிய சில சிறு தொகுப்புகள் காத்திருப்பு நாள் கழிந்ததும் தாமாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தன. நாளை 27-ஆம் தேதி முழு உறைவு. இனி எதுவானாலும் வெளியீட்டுக் குழு வரிவரியாகப் பார்த்து அனுமதித்தால்தான் நுழையும்.

அண்ணன் தன்னுடைய திருத்தத்தைத் திறந்து காட்டுகிறார். சிவப்பில் மூன்று வரி, பச்சையில் மூன்று வரி, அவ்வளவுதான். தொகுப்பை ஏற்றும்போது சில கணினிகளில் பாதியில் நின்றுபோனது, அதற்கான மருந்து இது. பக்கத்திலிருந்த வரியின் இடைவெளி கோணலாக இருந்ததாம், அதைக்கூடத் தொடவில்லை.

"அது கண்ணை உறுத்தலையாண்ணே?"

"உறுத்துது. இப்பச் சரி பண்ணா, பாக்குறவருக்கு ஒரு வரி கூடுதல் வேலை."

அதற்குப் பிறகு என் மனசு பையன் பக்கம் அத்தனை உறுதியாக நிற்கவில்லை.

அண்ணனின் அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைக்கிறாள். "ஏய்யா, இன்னுமா முடியல? வெளிச்சம் இருக்கும்போதே மோட்டாரைப் பாத்துட்டு வரலாம்ல?"

"இந்தா, அஞ்சு நிமிஷம்மா."

செல்போனிலிருந்து நெட் எடுத்துத் தன் தொகுப்பின் பக்கத்தைப் புதுப்பிக்கிறார். சுற்றுகிறது. மறுபடியும். மூன்றாம் முறை, தொகுப்பு உள்ளே போய்விட்டதாகத் தகவல் வருகிறது. பெரிதாகச் சிரிக்கவில்லை, காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடிக்கிறார்.

"உன்னோடதை எக்ஸ்பெரிமென்டல்ங்கிற சோதனைக் கிளையில போடுவோம். அங்க உறைவு கிடையாது. ஆகஸ்ட் ஒம்பதுல ரிலீஸ்னு சொல்லியிருக்காங்க. அது முடிஞ்சதும் சிட்டுக்குக் கொண்டு வரலாம்." சிட் என்பது அதே படவரிசையில் பொம்மைகளைப் பிய்த்துப் போடும் பையன். நிலையில்லாத பதிப்புக்கு அந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல குசும்பு.

"அப்ப ஜனங்க கைக்கு எப்பண்ணே போகும்?"

"அடுத்த வெளியீட்டுல. ரெண்டு வருஷம் ஆகும்."

பையன் மனசுக்குள் கணக்குப் போடுகிறான். "அதுக்குள்ள நான் காலேஜே முடிச்சிருவேனே!"

"முடி. அப்புறமும் பக் வந்தா நீதான் பாக்கணும்," என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் நடக்கிறார்.