குழலை வெட்ட வேண்டாம்

எங்கள் குடும்பத்தில் ஒரு பிரௌனிங் ஆட்டோ-5 இருக்கிறது. பெல்ஜியத்தில் செய்த 12 போர் துப்பாக்கி. கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பெரிய கிராணியாக இருந்த என் தாய்மாமா, தோட்டத்துத் தொரை சீமைக்குக் கிளம்பியபோது அவரிடமிருந்து முறைப்படி லைசென்ஸ் மாற்றி வாங்கியது. இளங்கன்றுகளைத் தோண்டிப் போடும் காட்டுப் பன்றிகளை விரட்ட மாமாவுக்கு அது பல காலம் துணையாக இருந்தது. அவர் காலமானதும் காவல் நிலையத்துக்குப் போய், அவர் மகன் தன் பெயரில் லைசென்ஸ் எடுத்த பிறகே வீடு திரும்பியது. இனி அது பேரன் கைக்கு வரவேண்டிய காலம்.

பேரனுக்கு பிரிக்பீல்ட்ஸில் வீடு. துப்பாக்கி சுடுவதில் உண்மையான ஈடுபாடு உள்ள பிள்ளை. துன் சம்பந்தன் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே தன் ஆசையைச் சொன்னான். "மாமா, பேரல கொஞ்சம் கொறச்சி, கறுப்புக் கட்ட போட்டு, மேல ஒரு சைட்டு வெச்சா புதுசு மாதிரி ஆயிடும்." வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஜான் பிரௌனிங் இந்தத் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1900இல். அதுவரை அவருடைய வடிவங்களை வாங்கிவந்த வின்செஸ்டர் நிறுவனத்தோடு உரிமைத்தொகை பற்றிய பேச்சு முறிந்தது. அடுத்து ரெமிங்டனின் தலைவர் ஹார்ட்லியைப் பார்க்கப் போனார். 1902 ஜனவரியில் பிரௌனிங் காத்திருந்த வேளையில் ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துபோனார். பிரௌனிங் கப்பலேறி பெல்ஜியத்தின் லியேஜுக்கு அருகே ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கிகளில் வெற்றிகரமாகப் பெருமளவில் உற்பத்தியான முதல் துப்பாக்கி அப்படித்தான் வெளிவந்தது. நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை அது உற்பத்தியில் இருந்தது.

அதன் உள்வேலை தனி. சுட்ட கணத்தில் குழலும் அதோடு பூட்டிய போல்ட்டும் ஒன்றாகவே பின்னுக்கு ஓடுகின்றன. கடைசி வரை போனதும் போல்ட் அங்கேயே நிற்க, குழல் மட்டும் தன் இடத்துக்குத் திரும்புகிறது. அப்போது காலித் தோட்டா வெளியே விழுகிறது. பிறகு போல்ட் முன்னே வந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது. ஆக, இந்தத் துப்பாக்கியில் குழல் என்பது ரவை போகும் பாதை மட்டும் இல்லை. ஓடித் திரும்பும் ஓர் உறுப்பு. அதன் எடையும் இயக்கத்தின் கணக்கில் சேர்ந்தது. வெட்டினால் அந்தக் கணக்கு மாறும். ரவைகள் அதிகம் சிதறாமல் பார்த்துக்கொள்ளும் இறுக்கமும் குழலின் நுனியில்தான் இருக்கிறது. வெட்டும்போது முதலில் போவது அதுதான்.

ஆளுக்கும் தோட்டாவுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள பிரௌனிங்கே இடம் வைத்திருக்கிறார். முன்கட்டையைக் கழற்றினால் தோட்டாக் குழாயைச் சுற்றி ஒரு சுருள்வில், ஓர் எஃகு வளையம், ஒரு வெண்கல உராய்வு வளையம். வீரியத் தோட்டா என்றால் எஃகு வளையம் வில்லுக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இருக்கும். குழலின் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்தும். லேசான தோட்டா என்றால் அதை வில்லுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். பழைய ஆட்டோ-5களில் முன்கட்டை விரிசல் விட்டிருப்பதை நிறையப் பார்க்கலாம். வளையத்தை லேசான தோட்டாவுக்கு வைத்துவிட்டு வீரியத் தோட்டா போட்டுச் சுடுவது அதற்கு முக்கியக் காரணம். அந்தக் குழாயில் எண்ணெய் வழிய வழியப் பூசினாலும் அதே கதிதான். உராய்வு குறையும், உதை கூடும், கட்டை உடையும். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பயந்து எல்லா இடத்திலும் எண்ணெய் ஊற்றும் பழக்கம் இந்த ஒரு துப்பாக்கிக்கு ஆகாது. மெல்லிய பூச்சுப் போதும்.

மாமாவும் இந்தத் துப்பாக்கியை மாற்றியிருக்கிறார். தொரை நெட்டை, மாமா குட்டை. நீளக் கட்டை மாமாவின் தோளில் சரியாக அமரவில்லை. உரிமம் பெற்ற கடையில் கொடுத்துக் கட்டையின் பின்பகுதியை ஓர் அங்குலம் குறைத்தார். வெட்டிய வால்நட் துண்டையும் பழைய அடித்தகட்டையும் கேட்டு வாங்கி வந்து, அலமாரியில் வைத்திருந்தார். நான் மாற்றம் என்று ஏற்றுக்கொள்வது இதைத்தான். சுடுகிறவரின் உடம்புக்குத் தேவை, துப்பாக்கியின் உயிருக்குக் கேடில்லை, கழற்றியதைத் தூக்கி எறியவில்லை.

அந்த அளவில் பேரனும் நிறையச் செய்யலாம். தோள்பட்டைக்கு ரப்பர் மெத்தை வைக்கலாம். வலுவிழந்த வில்லை மாற்றலாம். விரிசல் விட்ட முன்கட்டைக்குப் பதில் புதியது போட்டுப் பழையதைப் பத்திரப்படுத்தலாம். கட்டையில் ஏறிய பழைய வார்னிஷை எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினால் மரத்தின் வரிகள் எழுந்து வரும். எஃகு ரவைத் தோட்டாவை மட்டும் இதில் போடக் கூடாது. பெல்ஜியத்தில் செய்த பழைய குழல்கள் ஈய ரவைக்கு ஆனவை. மேலே சைட் பொருத்த உடம்பில் துளை போடுவது, நீலப்பூச்சை மெருகேற்றுகிறேன் என்று லியேஜ் சோதனைச் சாலையின் முத்திரைகளைத் தேய்த்து அழிப்பது, குழலை வெட்டுவது — இம்மூன்றும் திரும்பப் பெற முடியாத இழப்புகள்.

இதுவரை சொன்னது இயந்திரத்தின் நியாயம். எனக்கு அதைவிடப் பெரியது இன்னொன்று.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தொரைமார்கள் துப்பாக்கி இல்லாமல் வெளியே போகாத காலம் அது. காட்டுக்குள் நெருங்கிய தூரத்தில் மோத வேண்டியிருந்த பிரிட்டிஷ் படைகளும் இதே ஆட்டோ-5ஐ எடுத்துச் சென்றன. அதே காலத்தில் நம் லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. கேட்டில் சோதனை வந்தது. அரிசிக்கு அளவு வந்தது.

அதற்கு முன்பே, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த மலாயா கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தொரையின் தோளில் துப்பாக்கி அதிகாரத்தின் அடையாளம். தொழிற்சங்கத் தலைவரின் கையில் அதுவே தூக்குக் கயிறு. இந்த மண்ணில் தமிழருக்குத் துப்பாக்கியோடு உள்ள உறவு அங்கே தொடங்குகிறது. தொரையின் தோளிலிருந்து ஒரு தமிழ்க் கிராணியின் தோளுக்குச் சட்டப்படி வந்து சேர்ந்த இந்த ஆட்டோ-5, அந்த வரலாற்றின் ஒரு சாட்சி. கட்டையில் ஓர் அங்குலம் குறைந்திருப்பதே அது கைமாறியதற்கான பதிவு. நம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்தன, ஆலைகள் போயின. நம்மவர் கையில் மிஞ்சிய பொருள்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்றைப் புதுசு மாதிரி ஆக்குவது அதன் வாயை அடைப்பது.

சட்டமும் இங்கே விளையாட்டில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971இல் வந்த கடுந்தண்டனைச் சட்டத்தின்படி சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. ஆகவே லைசென்ஸில் இருக்கும் விவரத்துக்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் ஓர் இழை வித்தியாசமும் வரக் கூடாது. எந்த வேலை ஆனாலும் முதலில் காவல் நிலையத்தில் கேட்க வேண்டும்; பிறகு உரிமம் பெற்ற கடையில்தான் கொடுக்க வேண்டும். வீட்டு மேசையில் ஆக்சாபிளேடு எடுக்கும் பேச்சே கூடாது.

பேரனுக்கும், இப்படி ஒரு பழைய துப்பாக்கி உள்ள மற்றக் குடும்பங்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வரிசை எண்ணையும் முத்திரைகளையும் படமெடுத்து வையுங்கள். யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில் வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பழைய லைசென்ஸ் தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். உங்கள் தோளுக்கு வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள், கழற்றியதைக் காப்பாற்றுங்கள். சிறிய, கறுப்பான, நவீனமான துப்பாக்கிதான் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக லைசென்ஸ் கேட்டுப் பாருங்கள். தாத்தாவின் துப்பாக்கியை அதற்காக வெட்டாதீர்கள்.