காற்றும் பிரியவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

பழனி வட்டம் கீரனூர்ப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள், காலையில் கட்டுத்தறிக்குப் போனதும் மாடு சாணி போட்டிருக்கிறதா, அசை போடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் போய்விடும். அதே வீட்டில் ஒருவருக்கு வயிறு உப்பி, வெளிக்கும் போகாமல் இருந்தால், 'சூடு', 'வாயு', 'குடல் ஏறிடுச்சு' என்று ஏதாவது பெயர் வைத்து ராத்திரியை ஓட்டிவிடுகிறார்கள்.

மக்காச்சோளமும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு நடந்தது இதுதான். ஐம்பதைத் தாண்டியவர். அடிவயிற்றில், தொடைக்கு மேலே எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் பல வருடமாக இருந்தது. மூட்டை தூக்கினால் வெளியே வரும்; படுத்தால் உள்ளே போய்விடும். வலி இல்லாததால் யாரிடமும் காட்டவில்லை. அறுவடை நேரத்தில் ஒருநாள் மூட்டை ஏற்றிவிட்டு வந்து படுத்தார். வீக்கம் உள்ளே போகவில்லை. வயிற்றைப் பிசைகிற வலி விட்டு விட்டு வந்தது. சோடா குடித்தார், அதையும் வாந்தி எடுத்தார்.

"ஏனுங்க, காத்துக்கூடப் பிரியலைங்கறீங்க. ஆசுபத்திரிக்குப் போயிரலாமுங்க" என்றார் மனைவி.

"விடியக்காலைல மும்முனை கரன்ட் வரும். தண்ணி கட்டிட்டுப் போலாம் இரு."

பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். மனைவி அதைக் கொடுக்க மறுத்துவிட்டார். நள்ளிரவில் வலி விடாமல் பிடித்துக்கொண்டது. வீக்கம் கல்லாகிச் சிவந்தது. அவரைக் கேட்காமலே 108-க்குப் போன் செய்தார் அந்த அம்மா. அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. கறுத்துப்போன ஒரு சாண் குடலை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். சாயங்காலமே போயிருந்தால் குடல் கறுக்கும் முன்பே அதை உள்ளே தள்ளித் தைத்திருக்க வாய்ப்புண்டு.

சொட்டுநீர்க் குழாய் மடங்கினால் என்ன ஆகும்? மடிப்புக்கு முன்னால் தண்ணீர் கட்டி, குழாய் உப்பும். குடலும் அப்படித்தான். நம் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். நாம் குடிக்கும் தண்ணீர் போக, உடம்பே தினமும் பல லிட்டர் செரிமான நீரைக் குடலுக்குள் விடுகிறது. வழி அடைபட்டால் அத்தனையும் தேங்கி, வயிறு உப்பி, வாந்தியாக வரும். உடம்பில் நீர் வற்றும். குடல் முறுக்கிக்கொண்டாலோ, இறக்கத்தில் மாட்டிக்கொண்டாலோ ரத்த ஓட்டமும் நிற்கும். அதற்குப் பிறகு சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கிவிடும்.

அடைப்புக்குக் காரணங்கள் பல. முன்பு செய்த வயிற்று ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கொள்வது, குடலிறக்கம், குடல் முறுக்கு, கட்டி, காசநோய் ஆகியவை முக்கியமானவை. குழந்தைகளுக்கு உருண்டைப் புழுக்கள் பந்துபோலத் திரண்டும் அடைக்கும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்பது இதனால்தான்.

விட்டு விட்டு இழுக்கும் வலி, வயிறு உப்பல், வாந்தி, மலமும் காற்றும் போகாமை ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி விடாமல் நிலைத்துவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாந்தி பச்சையாகவோ மலவாடையுடனோ வந்தாலோ, வீக்கம் இறுகிச் சிவந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கைக்குழந்தை வீறிட்டு அழுது, பச்சையாக வாந்தி எடுத்து, ரத்தமும் சளியுமாக வெளிக்குப் போனாலும் அப்படித்தான். கடும் வலி திடீரென்று குறைவதை நல்ல அறிகுறி என்று நம்பிவிடாதீர்கள். குடல் ஓட்டையானாலும் அப்படிக் குறையலாம்.

பேதி மருந்து, விளக்கெண்ணெய், எனிமா வேண்டாம். அடைபட்ட குழாயில் மோட்டாரைப் போடுகிற வேலை அது. வயிற்றைத் தேய்ப்பது, வீக்கத்தை அழுத்தித் தள்ளுவது கூடாது. சோறு, காபி எதுவும் கொடுக்காமல் அழைத்துப் போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வெறும் வயிறு நல்லது. எல்லா அடைப்புக்கும் கத்தி வைப்பதில்லை. ஒட்டுதலால் வரும் அடைப்பு, மூக்கு வழியே குழாய் விட்டு, குளுக்கோஸ் ஏற்றியே பல நேரம் சரியாகிவிடும். அதை முடிவு செய்ய எக்ஸ்ரேயும் ஸ்கேனும் அறுவை சிகிச்சை மருத்துவரும் வேண்டும். பழனி அரசு மருத்துவமனை, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் இந்தப் பக்கத்தாருக்கு எட்டும் தூரம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

அடிவயிற்றிலோ தொப்புளிலோ வந்து வந்து போகும் வீக்கம் இருந்தால், அடுத்த அறுவடைக்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தண்ணீர் கட்டுவதைப் பக்கத்துத் தோட்டத்தாரிடம் ஒருநாள் சொல்லிவிட்டுப் போகலாம்.