டின்னைத் திறக்குமுன்...



நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும்போது வெறுங்கையோடு போக நமக்கு மனம் வருவதில்லை. முன்பெல்லாம் தோடம்பழமும் மோல்ட் பானப் போத்தலும் கொண்டு போனோம். இப்போது சீனி வருத்தக்காரர் இருக்கும் வீடென்றால், நீரிழிவுக்காரருக்கென்றே விற்கும் போஷாக்குப் பால்மா டின் ஒன்றைக் கொண்டு போகிறோம். எங்கள் தெல்தோட்டையிலும் பல வீட்டு அலுமாரிகளில் இந்த டின்களைக் காண்கிறேன். சில கண்டி பாமசிகளில் வாங்கியவை. சில வெளிநாட்டில் தொழில் பார்க்கும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது கொண்டுவந்தவை.

இந்த டின்களைப் பற்றிப் பெண்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “ஹஸரத், இது ஹலாலா?” கேட்க வேண்டிய கேள்விதான். இலச்சினையையும் சேர்மானங்களையும் பார்த்தே வாங்க வேண்டும். ஆனால் திருக்குர்ஆன் ஹலால் என்பதோடு ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. உண்பவருக்கு நன்மை தருவதாகவும் அது இருக்க வேண்டும். ஆகவே இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு: “இதை எந்த உணவுக்குப் பதிலாகக் கொடுக்கப் போகிறோம்?”

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வயதான தாயொருவருக்கு மகள் அன்போடு இரவில் ஒரு கிளாஸ் கரைத்துக் கொடுத்து வந்தார். காலையில் இடியப்பமும் சொதியும், பகலில் சோறு, இரவில் ரொட்டி, எதிலும் குறைவில்லை. கிளினிக்கில் பார்த்தால் சீனி ஏறிக்கொண்டே போனது. டின் போலியோ என்று மகளுக்குச் சந்தேகம். வைத்தியர் கேட்டது ஒன்றுதான்: “இதற்காக எதை நிறுத்தினீர்கள்?” எதையும் நிறுத்தவில்லை. இரவு ரொட்டியை நிறுத்தி அந்த இடத்தில் பாலைக் கொடுக்கச் சொன்னார். அடுத்தடுத்த கிளினிக்குகளில் சீனி இறங்கத் தொடங்கியது.

இந்த மா மருந்து அல்ல, உணவு. ஒரு கிளாஸில் பெரும்பாலும் 200 கலோரி அளவில் இருக்கும். அது ஏறத்தாழ ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமம். சாதாரணப் போஷாக்கு மாவை விட இதில் மாச்சத்து குறைவு, மெதுவாகச் செரிக்கும் வகை, நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும். அதனால் சீனி சட்டென்று ஏறாது. ஏறவே ஏறாது என்பதல்ல.

‘பதிலாக’ என்ற சொல்லின் பெறுமதியை ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது. பிரித்தானியாவில் 306 பேரைக் கொண்டு நடத்தி, 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு பகுதியினருக்கு 3 முதல் 5 மாதங்கள் வழக்கமான உணவு முழுவதையும் நிறுத்தி, நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தரும் கரைசல்களை மட்டும் கொடுத்தார்கள். பின்னர் சிறிது சிறிதாக உணவுக்குத் திரும்பச் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களில் 100க்கு 46 பேர் மருந்தில்லாமலேயே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். அவர்கள் இன்சுலின் ஏற்றாதவர்கள். நோய் கண்டு 6 வருடங்களுக்கு உட்பட்டவர்கள். மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் நாமாகச் செய்து பார்க்கும் காரியமல்ல இது.

டின்னை வாங்குமுன் அதன் பின்புறத்தைப் படியுங்கள். ஒரு கிளாஸுக்கு மாச்சத்து எத்தனை கிராம் என்று பாருங்கள். 25 கிராம் என்றிருந்தால், அளவில் ஐந்து தேக்கரண்டிச் சீனிக்குச் சமமான மாச்சத்து அது. சேரும் வேகம்தான் குறைவு. ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்ற எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். மோல்டோடெக்ஸ்ட்ரின் என்ற சேர்மானம் சீனி என்ற பெயரில் வராது. இரத்தத்தில் சீனியைப் போலவே விரைவாக ஏறும். அது சேர்மானப் பட்டியலில் முதலாவதாக இருந்தால் யோசியுங்கள். குரக்கன் கஞ்சி என்றாலும் அளவு வேண்டும், அதுவும் மாச்சத்துதான்.

யாருக்கு இந்த மா உண்மையில் தேவை? மென்று விழுங்க முடியாதவர், சத்திரசிகிச்சைக்குப் பின் உணவு செல்லாதவர், உடம்பு மெலிந்துகொண்டே போகும் முதியவர், குழாய் வழியாக உணவு பெறுபவர். வைத்தியர் சொல்லும் அளவில் அவர்களுக்கு இது பெரும் உதவி. நன்றாகச் சாப்பிட முடிந்தவருக்கு அவித்த முட்டையும், பருப்பும், கீரையும், மீனும், அளவான சோறும் போதும். 2022இல் ரூபாய் சரிந்த பின், இறக்குமதியாகும் டின்னின் விலை நாளாந்தக் கூலிக்காரர் வீட்டில் சிறு தொகையல்ல. அந்தக் காசு மற்றப் பிள்ளைகளின் முட்டையிலிருந்து கழியக் கூடாது.

சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு வைத்தியரைக் கேட்காமல் எந்த டின்னையும் கொடுக்காதீர்கள். அவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் அளந்தே கொடுக்கப்பட வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் ஏற்றுபவருக்குத் திடீரென்று வியர்த்து, நடுங்கி, சீனி 70க்குக் கீழே இறங்கினால், இந்தப் பாலைக் கரைத்துக் கொண்டிருக்காதீர்கள். மெதுவாகச் செரிப்பதுதான் இதன் சிறப்பு. அந்த வேளையில் அதுவே ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ரமழானில் ஸஹர் வேளையில் இந்தப் பாலைக் குடித்துவிட்டால் எவரும் பயமின்றி நோன்பு பிடிக்கலாம் என்ற பேச்சும் சரியல்ல. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு வைக்கலாமா என்பதை ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் கொப்பியோடு டின்னையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வைத்தியரிடம் அதைக் காட்டி, “எந்த வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக, எத்தனை கரண்டி?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை டின்னின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். உம்மா வீட்டில் இல்லாத நாளில் பால் கரைக்கும் மருமகளுக்கும் அது வழிகாட்டும்.