பயில்வோர்க்கு ஒரு விமானம்

இலங்கைப் புகையிரதப் பாதையின் அதியுயர் முகடு பட்டிப்பொலவை அடுத்துள்ளது. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து 6,224 அடி என அங்கு நாட்டப்பட்டுள்ள பலகை கூறும். கொழும்பிலிருந்து மலையேறிய இருப்புப் பாதை 1885 இல் நானுஓயாவை எட்டியது. பட்டிப்பொல முகட்டைக் கடந்து பதுளையைச் சென்றடைய 1924 வரை ஆயிற்று. அப்பாதையின் உருவாக்கத்திலும், அதன் இருமருங்கும் விரிந்த தேயிலையிலும் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு உறைந்து கிடக்கிறது. மேகம் வாசலில் வந்து நிற்கும் உயரத்தில் வாழ்ந்தும், வானில் ஏறுவதைக் கனவிலும் கருதாதிருந்தவர்கள் அவர்கள்.

மலைநாட்டின் நினைவில் விமானம் துயரத்தோடு பிணைந்தது. 1974 டிசெம்பர் 4 ஆம் நாளிரவு, இந்தோனேசிய யாத்திரிகரை மக்காவுக்கு ஏற்றிவந்த டீ.சீ.-8 விமானமொன்று, கட்டுநாயக்கவில் தரிக்க வரும் வழியில் மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. 191 உயிர்கள் மாண்டன. விமானம் நிற்கும் இடம் தவறாகக் கணிக்கப்பட்டதே விபத்தின் அடிப்படை. அதனைச் செலுத்தியோர் கற்றுக்குட்டிகள் அல்லர், தேர்ந்த விமானிகளே. தேர்ந்தவர்க்கும் பிழை நேரும் என்றால், பிழையை உடனே உணர்ந்து திருந்தும் பழக்கம் முதற் பாடத்திலேயே குருதியில் ஊறியாக வேண்டுமன்றோ? அப்பழக்கத்தை ஊட்டும் முதல் ஆசான் பயிற்சி விமானம். ஆதலின் புதியதொரு பயிற்சி விமானத்தை உருவாக்குவது வெறும் இயந்திரத் தொழிலன்று. அது கல்விப் பணியுமாகும்.

இன்று உலகின் பயிற்சிக் கழகங்கள் பலவற்றில் பறப்பவை பழைய விமானங்கள். 1985 இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட செஸ்னா 152 இன்னும் மாணவரைச் சுமக்கிறது. இந்நிலையை மாற்ற முனைந்ததே ‘இலகுரக விளையாட்டு விமானம்’ என்னும் வகுப்பு. அமெரிக்கா 2004 இல் அதற்கு இலக்கணம் வகுத்தது: இரண்டு இருக்கைகள், ஒரே இயந்திரம், தரையிலிருந்து எழுவதாயின் 600 கிலோவுக்கு மேற்படாத நிறை, மட்டப் பறப்பில் 120 நொட்டுக்கு மிகாத வேகம். 2025 இல் அந்நாடு நிறை வரம்பைக் கைவிட்டு விதியைத் தளர்த்தியது. எனினும் சிறியது, எளியது, மலிவானது என்ற மூல நோக்கம் மாறவில்லை.

சிறியதாயினும் அதனை ஆக்குவது எளிதன்று. 600 கிலோ விமானத்தின் சிறகு, திருப்பங்களிலும் காற்றுக் கொந்தளிப்பிலும் அந்நிறையின் நான்கு மடங்கைத் தாங்க வேண்டும். காப்புக்காக அதனையும் ஒன்றரை மடங்காக்குவர். ஆக, 3,600 கிலோ பாரத்துக்கு முறியாது நின்ற சிறகே தேறும். மணல் மூட்டைகளை அடுக்கிச் சிறகைச் சோதிப்பதும் உண்டு. வலிமையினும் அரியது பொறுமை. மாணவன் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், சிறகின்மேல் ஓடும் காற்று பிரிந்து, தூக்குவிசை சரியும். அந்நேரத்தில் சிறகின் நுனி முதலில் தளர்ந்தால் விமானம் ஒருபுறம் சாய்ந்து சுழலத் தொடங்கும். ஆகவே வடிவமைப்போர் சிறகை நுனி நோக்கிச் சிறிது முறுக்கி அமைப்பர். அடிப்பகுதி முதலில் தளர்ந்து, நடுங்கி, எச்சரிக்கும். நுனியோ இன்னும் மாணவனின் கைக்கு அடங்கி நிற்கும். நல்லாசிரியன் தண்டிக்குமுன் எச்சரிப்பான். நல்ல பயிற்சி விமானமும் அவ்வாறே.

நமக்கு அண்மையில் இப்பணியில் இறங்கியது பெங்களூர்த் தேசிய விண்வெளி ஆய்வுகூடம். அங்கு உருவான ஹன்சா-3, முற்றிலும் நாரிழைக் கலப்புப் பொருளாலான இரு இருக்கை விமானம். 750 கிலோ நிறையுடைய அது, மேற்கூறிய வகுப்புக்குச் சற்றுப் பெரிய தமக்கை எனலாம். 1996 இல் பறந்த அதற்கு 2000 இல் சான்றிதழ் கிடைத்தது. பின் சில பறப்புக் கழகங்களுக்கு வழங்கப்பட்டது. அதன் புதிய தலைமுறை 2021 செப்டெம்பரில் முதன்முதல் எழுந்து, 2022 இன் தொடக்கத்தில் புதுச்சேரிக் கடலோரத்திற் சோதிக்கப்பட்டது. ஒரு சிறு விமானம் வரைபடத்திலிருந்து வகுப்பறைக்கு வர எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதற்கு இது சான்று.

இலங்கைக்கும் இக்கதையிற் பங்குண்டு. 1935 நவம்பர் 27 இல் இரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானமே சென்னைப் பறப்புக் கழகத்துப் ‘புஸ் மொத்’ தான். அதனைச் செலுத்தி வந்தவர் அக்கழகத்தின் பயிற்றுநர். பிற்காலத்தில் கலாநிதி ரே விஜேவர்தன இந்நாட்டிலேயே சிறு விமானங்களைத் தம் கையால் ஆக்கிப் பறந்தார். உழவருக்கு இருசக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்த அதே கை அது. 2010 இல் அவர் மறைந்தார். இச்சிறு நாட்டிலும் விமானம் ஆக்கலாம் என்பதை அவர் செய்து காட்டிச் சென்றார். அவருடைய முயற்சி ஒரு மரபாக வளரவில்லையே என்பதுதான் வருத்தம்.

மலைநாடு இத்தகைய விமானத்துக்குக் கடினமான தேர்வுக் களம். பட்டிப்பொல உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தினும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக் குறையும் மனிதனைப் போல இயந்திரமும் வலுக் குன்றும். மேலெழ நெடிய ஓட்டம் வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் முகட்டின் ஒருபுறம் மூடுபனியும் மழையுமாயிருக்க, ஊவாப் பக்கம் வெயில் எறிக்கும். சமவெளியிற் பயின்றவனுக்கு இவை புத்தகச் சொற்கள். மலையிற் பிறந்தவனுக்கோ அன்றாட வாழ்வு. மலையையும் மேகத்தையும் அறிந்த அப்பிள்ளை நல்ல விமானியாக வரக்கூடியவன். வருவதற்கு வழி உண்டா என்பதே கேள்வி.

1948 இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. கடவுச்சீட்டுக்கே வழியற்றிருந்தவருக்கு விமானி உரிமம் எட்டாக்கனி. இன்று சட்டத்தின் கதவு திறந்துள்ளது. பணத்தின் கதவும் கல்வியின் கதவும் திறக்கவில்லை. உயர்தர விஞ்ஞான வகுப்புகள் தோட்டப்புறத்தில் இன்னும் அரியவை. வர்த்தக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 200 மணி நேரப் பறப்பு வேண்டும். பழைய நான்கு இருக்கை விமானம் மணிக்கு 35 லீற்றர் அளவில் எரிபொருள் குடிக்க, புதிய இலகுரக விமானத்துக்கு 20 லீற்றர் போதும். பயிற்சி முழுவதையும் அதிலேயே முடிக்கலாம் என்றில்லை. ஆனால் 100 மணி நேரத்தை அதிற் கழித்தாலும் 1,500 லீற்றர் மிஞ்சும். கொழுந்துக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

அம்மிச்சம் மட்டும் தோட்டத்துப் பிள்ளையை வானேற்றிவிடாது. உதவிப் பணமும் விஞ்ஞானக் கல்வியும் உடன் வேண்டும். ஆயினும், ஒரு கருவி மலியும்போதுதான் அது யாருக்குரியது என்ற கேள்வியே எழுகிறது. துவிச்சக்கர வண்டியும் வானொலியும் ஒருகாலத்தில் துரைமாரின் உடைமைகளாக இருந்து, பின் லயத்துக்கும் வந்தன. விமானி இருக்கையும் அவ்வாறு வரலாம். புதிய பயிற்சி விமானத்தை வரைவோர் அதன் நிறையையும் வேகத்தையும் கணிப்பதுபோல, அதில் ஏறக்கூடியவர் எத்தகைய வீட்டிலிருந்து வருவார் என்பதையும் கணிப்பாராக.