வாய் போடும் கணக்கு

காலையில் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் படலைத் திறந்துவிட்டதும் நான் பார்ப்பது வாய்களைத்தான். காங்கயம் மாடு தலையைத் தாழ்த்தி, கொழுக்கட்டைப் புல்லை நாக்கால் வளைத்து இழுக்கும். வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்று, வெள்வேல் முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்துத் தழையை மட்டும் பிய்க்கும். நாலு கடிதான். பிறகு வேலியோரக் கிளுவை, அங்கிருந்து ஏதாவது ஒரு கொடி.

ஒரே இடத்தில் மேயாத ஆட்டை ஆரம்பத்தில் நானும் விரட்டியிருக்கிறேன். அது போடும் கணக்கு பின்னால்தான் புரிந்தது. வேலந்தழையில் துவர்ப்பு அதிகம். அதையே வயிறு நிறையத் தின்றால் செரிக்காது. பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தால் எந்த ஒன்றின் கெடுதலும் அளவு மீறாது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரவென்சா பல்லாண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். தின்றபின் வயிற்றில் நடந்ததை ஆடு அந்தச் சுவையோடு சேர்த்து நினைவில் வைக்கிறது. குட்டி, தாய் கடிப்பதைப் பார்த்துக் கற்கிறது. அதனால் சந்தையில் வாங்கிவந்த குட்டியை நான் தனியே மேயவிடுவதில்லை; காடு தெரிந்த கிழட்டு ஆட்டின் பின்னால்தான் அனுப்புவேன்.

இந்த அறிவுக்கும் எல்லை உண்டு. விசேஷ வீட்டில் மிஞ்சிக் கொட்டிய சோற்றை என் சினையாடு ஒன்று வயிறு முட்டத் தின்றது. மாவுச்சத்து இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிட்டது. மறுநாள் ஆடு இல்லை. காட்டில் கிடைக்காத தீனிக்கு அதன் வாயில் கணக்கு இல்லை. பாடம் படிக்க அவகாசமும் இல்லை. மழையில்லாமல் குன்றிய இளஞ்சோளப் பயிரும் அப்படித்தான். அதில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பசித்த மாடு ஆசையாகவே கடிக்கும்.

உடலில் குறைவதையும் வாய் காட்டும். மாடு சுவரை நக்கினால் அடிக்காதீர்கள்; உப்புக் குறைந்திருக்கலாம், தொட்டியோரம் உப்புக்கட்டி தொங்கவிடுங்கள். எலும்பைக் கடித்தால் பாஸ்பரஸ் போதவில்லையா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கட்டுத்தறியில் வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று வகைத் தழையைப் அருகருகே கட்டி, எதை முதலில் கடிக்கிறது என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். தழையைத் தேர்ந்தெடுப்பதை ஆட்டிடம் விடுங்கள். தானியமும் சோறும் எவ்வளவு என்பதை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.