மாமா சுட நினைத்த சிறுத்தை!

"மாப்ளே, ஒரு சிறுத்தையைச் சுடணும். சட்டப்படி சுடலாமானு கொஞ்சம் செக் பண்ணிச் சொல்லேன்!"

ராத்திரி பதினோரு மணிக்கு, ஹாஸ்டல் மொட்டை மாடியில் இப்படி ஒரு போன் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் முதலில் நம்பரைப் பார்த்தேன். டல்லாஸ் மாமாதான்!

2024 ஏப்ரல் முதல் வாரம் அது. மயிலாடுதுறை கூறைநாடு பக்கம் சிறுத்தை ஒன்று புகுந்து, ஸ்கூலுக்கெல்லாம் லீவு விட்டிருந்த நேரம். கூண்டு, கேமரா என்று வனத்துறை அலைந்துகொண்டிருந்தது. டெல்டாவில் பாம்பு வரும், மயில் வரும், தண்ணீர்தான் லேட்டாக வரும். சிறுத்தையெல்லாம் வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. 'மாமா அமெரிக்காவிலிருந்து துப்பாக்கியோடு மாயவரம் கிளம்பிவிட்டாரோ?' என்று நிஜமாகவே பயந்துவிட்டேன்.

"அது இல்லடா. ஆப்பிரிக்காவுல கைடு வெச்சு வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பத்து நாள் பேக்கேஜ். 'எல்லாம் லீகல், கவலையே படாதீங்க'ன்னு மெயில் போட்டிருக்கான். நீதான் நெட்டுல கில்லாடியாச்சே... பார்த்துச் சொல்லு. உனக்கு ஒரு லேப்டாப் கன்ஃபர்ம்!"

லேப்டாப்! என் பழைய லேப்டாப்பை ஆன் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ப்ராஜெக்ட் வேறு தலைக்கு மேல் தொங்கியது. உடனே சம்மதித்துவிட்டேன்.

மாமாவுக்கு ஏன் இந்த ஆசை? திருவையாறு பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ உண்டு. கொள்ளுத்தாத்தா பூட்ஸ் காலோடு நிற்பார், கீழே ஒரு புலி கிடக்கும். மேற்குமலைப் பக்கம் யாரோ துரையோடு போய் லைசென்ஸ் வாங்கிச் சுட்டது என்பார்கள். அந்தப் புலியின் நகம் ஒன்று, தங்கக் கொப்பி போட்டு, அம்மாவின் சங்கிலியில் தொங்கியது. "பரம்பரை மாப்ளே!" என்பார் மாமா, காலரைத் தூக்கிவிட்டு.

சரி, தேட ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பில் சிக்கியது சிசில் கதை. ஜிம்பாப்வேயில், ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் வாழ்ந்த சிங்கம். ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டியிருந்தார்கள். 2015 ஜூலையில், பூங்காவுக்கு வெளியே ஓர் அமெரிக்கப் பல் டாக்டர் அதை வேட்டையாடிக் கொன்றார். உலகமே கொதித்தது. 'சட்டப்படியான வேட்டை என்றுதான் என் கைடுகளை நம்பினேன்' என்றார் அவர். ஆனால், அந்த நிலத்துக்கு அந்த வருடம் சிங்கம் சுட ஒதுக்கீடே இல்லை என்றது அந்த நாட்டு வனத்துறை. கடைசியில் 'டாக்டரின் பேப்பர்கள் சரியாக இருந்தன' என்று ஜிம்பாப்வே அரசே சொல்லிவிட, அவர் மேல் வழக்கு இல்லை. கைடு மேல் போட்ட வழக்கும் 2016-ல் தள்ளுபடி. ஆக, பேப்பர் சரியாக இருந்தால்கூட மொத்தமும் சரி என்று அர்த்தமில்லை பாஸ்!

அப்புறம் மாமாவுக்கு ஒரு லிஸ்ட் போட்டேன்.

முதலில், எந்த நாடு? கென்யா 1977-லேயே வேட்டைக்குத் தடை போட்டுவிட்டது. போட்ஸ்வானா 2014-ல் நிறுத்தி, 2019-ல் மறுபடி திறந்தது. தென்னாப்பிரிக்கா வேட்டையை அனுமதிக்கிற நாடுதான். ஆனால், 2016-ல் சிறுத்தைக்கு மட்டும் ஒதுக்கீடு பூஜ்யம்! போன வருஷம் சரியாக இருந்தது இந்த வருஷம் தப்பாகலாம்.

இரண்டாவது, யார் நிலம்? அந்த நிலத்துக்கு அந்த மிருகத்தைச் சுட ஒதுக்கீடு உண்டா? மூன்றாவது, கைடின் லைசென்ஸும் பர்மிட்டும் காப்பியாக நம் கைக்கு வரவேண்டும். அவன் வாயால் சொல்வது செல்லாது.

நான்காவது, சுட்டபிறகு தோலை எப்படிக் கொண்டுபோவது? சிறுத்தை, சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்ப ஒரு அனுமதி, இங்கே இறங்க ஒரு அனுமதி... இரண்டும் வேண்டும். ஐந்தாவது, அமெரிக்காவின் லேசி சட்டம். 1900-லிருந்து இருக்கிறது. வேறு நாட்டுச் சட்டத்தை மீறிக் கொன்ற மிருகத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவந்தால், அமெரிக்காவிலேயே கேஸ்!

நம் ஊர் நிலவரத்தையும் கடைசியில் சேர்க்கலாமே என்று தேடியதில்தான் வந்தது வினை.

ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் புலி சுட இந்தியாவுக்குப் பேக்கேஜில் வந்தார்களாம்! மாமா இப்போது ஆப்பிரிக்கா போக நினைத்த மாதிரியே. 1970-ல் புலி வேட்டைக்குத் தடை, 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அந்த வருடக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 1,827 புலிகள்தான். 2022 கணக்குப்படி 3,682. தமிழ்நாட்டில் மட்டும் 306. கொள்ளுத்தாத்தா செய்தது அன்றைக்குக் குற்றமில்லை. ஆனால் அடுத்த வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. உரிமைச் சான்று இல்லாமல் புலிநகம் வைத்திருப்பது குற்றம். 2023 அக்டோபரில் கன்னட பிக் பாஸ் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு போட்டியாளரை இதற்காகக் கைது செய்திருக்கிறார்கள். கணக்குக் காட்ட 2003-ல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. அப்போது நான் பிறக்கவே இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியவும் இல்லை.

ஆப்பிரிக்காவில் சட்டம் பார்க்கக் கிளம்பியவன், அம்மாவின் கழுத்துக்கு வந்து நின்றேன்.

அந்த வார லீவில் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா சிரித்தாள். "போடா, இது நம்ம குலசாமி மாதிரி" என்றாள். அப்பாயி திட்டியே தீர்த்தாள். மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம்வரை தண்டனை என்றதும் கூடத்தில் சத்தமே இல்லை. கும்பகோணத்தில் வக்கீலாக இருக்கும் சித்தப்பாவைக் கேட்டோம். "ஒளிச்சு வைக்காதீங்க, எழுதிக் கொடுத்து ஒப்படைச்சுடுங்க" என்றார்.

பத்தரிடம் கொடுத்துக் கொப்பியைப் பிரித்தாள் அம்மா. தங்கம் போனதும் அது ஒன்றுமே இல்லை. பழுப்பேறிய ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். "இதுக்காகவாடா அதைக் கொன்னாங்க?" என்று கேட்டாள். ஒரு புலிக்குப் பதினெட்டு நகம். மீதி பதினேழும் எந்தெந்தக் கழுத்தில் இருக்கிறதோ!

வன அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் திரும்பியது. பஸ் ஏறும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

மாமா? என் லிஸ்ட்டை அப்படியே கைடுக்கு அனுப்பி, "பர்மிட் காப்பி வேணும்" என்று கேட்டிருக்கிறார். அதோடு அந்தப் பக்கத்திலிருந்து மெயில் வருவது நின்றுவிட்டது. "தப்பிச்சேன் மாப்ளே!" என்றார் போனில். லேப்டாப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாயவரம் சிறுத்தை அப்புறம் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் தென்பட்டதாகச் சொன்னார்கள். ராத்திரியோடு ராத்திரியாக எந்த வயல் வழியே, எப்படிக் கொள்ளிடம் தாண்டிப் போயிருக்குமோ! எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்... பதினெட்டு நகத்தோடு!